திருப்பி வைத்துப் பார்

டீ வரட்டும், பேசலாம். ரேடியோவில் ஓட்டும் சிறு விமானம் செய்ய ஆசைப்பட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த மோட்டார் வாங்கலாம் என்று. அடுத்தது, எந்த ரிமோட். இரண்டும் பணம் கொடுத்தால் கிடைக்கிற சமாசாரம். அவற்றைப் பிறகு பார்ப்போம். பணம் கொடுத்தாலும் கிடைக்காத ஒன்றை முதலில் கேட்டுவிடுகிறேன். நீங்கள் செய்த இடது இறக்கையும் வலது இறக்கையும் ஒன்றுபோல இருக்கின்றன என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

பார்த்தால் தெரியாதா என்பீர்கள். தெரியாது. ஒரு கணக்குப் போடுவோம். நுனிக்கு நுனி 1.2 மீட்டர், அகலம் 20 செ.மீ., பழகுவதற்கு ஏற்ற விமானம். இறக்கையின் குறுக்குவெட்டுக்குக் கிளார்க் ஒய் என்ற வடிவத்தை எடுத்துக்கொள்வோம். 1922-ல் அமெரிக்கரான வெர்ஜினியஸ் கிளார்க் வகுத்தது. அடிப்பக்கம் பெரும்பாலும் தட்டையாக இருக்கும் என்பதால் மேசைமேல் வைத்து வேலை செய்ய வசதி. இந்த வடிவத்தில் நீங்கள் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே போனாலும் விமானம் பறக்கும். ஆனால் ஒரு பக்க இறக்கை முழுவதும் ஒரே ஒரு பாகை திரும்பி உட்கார்ந்துவிட்டால், அந்தப் பக்கத்துத் தூக்குவிசை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மாறிவிடும். 20 செ.மீ. அகலத்தில் ஒரு பாகை என்பது பின்விளிம்பில் மூன்றரை மில்லிமீட்டர். வெறும் கண்ணுக்கு அது தட்டுப்படாது. கையைவிட்டுக் கிளம்பிய விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போய்த் தரையில் குத்தும்போதுதான் தட்டுப்படும்.

ஆக, புத்தகத்தில் உள்ள வடிவத்தை அச்சு அசலாகப் பிடிப்பது இரண்டாம் பட்சம். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதுதான் முதல் பட்சம். இதைப் பிடித்துக்கொண்டால், வீட்டில் எந்தக் கருவி செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டாம் என்பது தானாக விளங்கிவிடும். நமக்கு வேண்டியவை பெரும்பாலும் அளக்கிற கருவிகள் இல்லை, ஒப்பிடுகிற கருவிகள். ஒப்பிடுவதற்கு மரத்துண்டும் நூலும் போதும்.

இது ஏழை வீட்டுச் சமாளிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ரைட் சகோதரர்கள் செய்தது இதைத்தான். 1901-ல் அவர்களுடைய கிளைடர், ஜெர்மானியர் லிலியென்தாலின் அட்டவணைகளை வைத்து எதிர்பார்த்த அளவுக்குத் தூக்கவில்லை. டேட்டனில் இருந்த சைக்கிள் பட்டறைக்குத் திரும்பி, ஆறடி நீள மரப்பெட்டி ஒன்றைக் காற்றுச் சுரங்கமாகச் செய்தார்கள். அதற்குள் வைத்த தராசு எதனால் ஆனது தெரியுமா? ஆக்ஸா பிளேடு, சைக்கிள் போக்ஸ் கம்பி. அந்தத் தராசின் சூட்சுமத்தைக் கவனியுங்கள். தகட்டில் வெட்டிய குட்டி இறக்கை எவ்வளவு தூக்குகிறது என்று அது தனியாக அளக்கவில்லை. அதே காற்றோட்டத்தில் நிற்கும் தட்டைத் தகடுகள் வாங்கும் எதிர்ப்போடு அந்தத் தூக்கலை ஒப்பிட்டது. காற்றின் வேகம் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே மாறும், கணக்கு கெடாது. இப்படிச் சுமார் இருநூறு வடிவங்களைப் பார்த்து முடித்த பிறகுதான் 1903-ன் விமானம் வந்தது. விலை உயர்ந்த எந்தக் கருவியும் அந்த அறையில் இல்லை.

சரி, நம் வேலைக்கு வருவோம். புதிதாக ஒன்றைச் செய்வதற்கு முன், வீட்டில் இருப்பவை நிஜம் பேசுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இரும்பு ஸ்கேலை வைத்து ஒரு கோடு போடுங்கள். ஸ்கேலைப் புரட்டி, அதே விளிம்பு அதே கோட்டின் மறுபக்கம் வரும்படி வைத்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் ஸ்கேல் நேர். நடுவில் இடைவெளி தெரிந்தால், ஸ்கேலின் கோணல் அதில் பாதி. மூலைமட்டத்துக்கும் இதே வைத்தியம்: பலகை விளிம்பில் பொருத்திக் கோடு போட்டு, மட்டத்தைப் புரட்டி அதே புள்ளியிலிருந்து மறுபடி போட்டால் பிழை இரட்டிப்பாகிக் கண்ணுக்குத் தெரியும். ரசமட்டத்தை ஒரு முறை வைத்துக் குமிழியைக் குறித்துக்கொண்டு, அப்படியே திருப்பி வைத்தால் குமிழி நகருகிறதா என்று பார்ப்பது கொத்தனார்களுக்குப் பழக்கம்தான். இந்தச் சோதனைகள் எதற்கும் இன்னொரு கருவி வேண்டாம். கருவியை அதனோடேயே மோதவிடுகிறோம், அவ்வளவுதான்.

இன்னும் ஒரு படி மேலே போனவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த். முழுத் தட்டையான இரும்புப் பரப்பை ஒன்றும் இல்லாமல் எப்படி உண்டாக்குவது என்று 1840-ல் கிளாஸ்கோவில் நடந்த அறிவியலாளர் கூட்டத்தில் விளக்கினார். இரண்டு தட்டுகளை மட்டும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துச் சுரண்டினால், ஒன்று மேடாகவும் மற்றது பள்ளமாகவும் இருந்துகொண்டே பொருந்திவிடலாம். மூன்றாவது தட்டு வந்து, மூன்றும் மாறி மாறி ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்றால் ஏமாற்ற வழியில்லை. நவீன இயந்திரத் தொழிலின் துல்லியம் இந்த மாதிரி வேலையிலிருந்துதான் கிளைத்தது.

நீங்கள் மூன்று தட்டைச் சுரண்ட வேண்டாம். மீதமான கிரானைட் பலகையோ, பழைய ஜன்னலின் தடித்த கண்ணாடியோ போதும். ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, பின்னால் வெளிச்சம் வைத்து, அடியில் ஒளிக்கீற்று தெரிகிறதா என்று குறுக்கும் நெடுக்கும் பாருங்கள். தெரியாவிட்டால் அதுதான் உங்கள் மேசை. வளைந்த மேசையில் ஒட்டிய இறக்கை, காய்ந்ததும் அந்த வளைவை மறக்காது.

பொருளுக்குத் தெர்மோகோல். 2017-ல் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க மிதக்கவிட்டதும் காற்றில் கரை ஒதுங்கியதே, அதேதான். அணைக்கு ஆகாத குணம் விமானத்துக்கு ஆகும். கன மீட்டருக்கு 15 முதல் 20 கிலோதான் எடை. நாம் சொன்ன இறக்கையின் தெர்மோகோல் மொத்தமும் அறுபது எழுபது கிராமுக்குள் முடிந்துவிடும். ஈக்வடாரிலிருந்து வரும் பால்சா மரம் இன்னும் அருமையான பொருள், ஆனால் நம் ஊரில் விலை கடிக்கும். முதல் விமானத்தை நீங்கள் எப்படியும் உடைக்கத்தான் போகிறீர்கள். ஒரு எச்சரிக்கை: ஃபெவிக்விக் வகைப் பசை தெர்மோகோலைக் கரைத்துவிடும். ஃபெவிகால் கரைக்காது, காய நேரம் எடுக்கும், பொறுங்கள்.

தெர்மோகோலைக் கத்தியால் வெட்டினால் பொரி பொரியாக உதிரும். சூடான கம்பியால்தான் வெட்ட வேண்டும். அதற்கான வில்லைக் கடையில் வாங்காதீர்கள், செய்யுங்கள். வளைத்த மூங்கில் பட்டை ஒன்று, அதன் இரு முனைக்கும் நடுவே 60 செ.மீ. நிக்ரோம் கம்பி. மூங்கில் எதற்கு என்றால், கம்பி சூடேறினால் நீளும். முந்நூறு பாகை செல்சியஸ் பக்கம் போகும்போது இந்த நீளத்தில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். விறைப்பான சட்டத்தில் கட்டிய கம்பி அப்போது தொய்ந்துவிடும். தொய்ந்த கம்பி இறக்கையின் நடுவில் பள்ளம் பறிக்கும். வளைந்த மூங்கில் நிமிரப் பார்த்துக்கொண்டே இருப்பதால் அந்தத் தொய்வை அதுவே இழுத்துக்கொள்ளும்.

கரண்டுக் கணக்கு எளிது. 0.4 மி.மீ. நிக்ரோம் கம்பி மீட்டருக்கு ஏறக்குறைய 9 ஓம், 60 செ.மீ.க்கு ஐந்து ஓமுக்குச் சற்று மேல். 12 வோல்ட் கொடுத்தால் இரண்டேகால் ஆம்பியர் இழுக்கும். அது கொஞ்சம் அதிகச் சூடு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் சின்ன வோல்டேஜ் குறைப்பான் பலகை ஒன்றை இடையில் போட்டு எட்டு ஒன்பது வோல்ட்டுக்கு இறக்குங்கள். பழைய பைக் பேட்டரியோ 12 வோல்ட் அடாப்டரோ போதும். வீட்டு மெயின் லைனை இந்தக் கம்பிக்கு நேராகக் கொடுக்கிற யோசனை மட்டும் கனவிலும் வேண்டாம். சூடு சரிதானா என்பதற்கு மீட்டர் தேவையில்லை. வெட்டி வெளியே வரும் கம்பியோடு நூலாம்படைபோல மெல்லிய இழைகள் ஒட்டிக்கொண்டு வந்தால் சரி. கம்பி தொடும் முன்பே தெர்மோகோல் உருகி விலகினால் சூடு அதிகம். நடுக்கம்பி பின்தங்கி வில்லாக வளைந்தால் சூடு குறைவு, அல்லது நீங்கள் அவசரப்படுகிறீர்கள்.

புகை வரும். மொட்டை மாடியில், காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெட்டுங்கள். விளம்பரப் பலகைக்குப் பயன்படுத்தும் சன்போர்டும் பார்க்க இதுபோலவே வெள்ளையாக இருக்கும். அதைச் சூட்டுக் கம்பியால் தொடவே கூடாது. அது பி.வி.சி., சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும்; ஈரத்தில் பட்டால் அது அமிலம், நுரையீரலும் ஈரம்தான்.

கம்பி எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று காட்ட இரண்டு டெம்ப்ளேட். ஆசாரி பட்டறையில் சன்மைக்கா துண்டு கேட்டால் கொடுப்பார். இரண்டு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து இரண்டு திருகாணியால் முடுக்கி, ஒரே பிடியில் ராவி, உப்புத்தாள் போட்டு முடியுங்கள். தனித்தனியாகச் செய்து பிறகு ஒத்துப்பார்ப்பது வீண் வேலை. வடிவம் கொஞ்சம் பிசகினாலும் இரண்டிலும் ஒரே பிசகாக இருக்கும், அதுதான் நமக்கு வேண்டும். டெம்ப்ளேட் ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கோடு குறித்து, ஆளுக்கொரு முனையாக வில்லைப் பிடித்து, எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இழுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த வேலைக்குப் போட்டியே நடக்கும்.

வெட்டிய இரண்டு இறக்கையையும் கிரானைட் மேசையில் அக்கம்பக்கமாக வைத்து, பின்விளிம்பு கல்லிலிருந்து எவ்வளவு உயரம் என்று உடலோடு சேரும் பக்கமும் நுனிப்பக்கமும் பாருங்கள். அந்த மூன்றரை மில்லிமீட்டர் இப்போது ஒளிய முடியாது.

இறக்கை, வால், உடல் எல்லாம் சேர்ந்த பிறகு சமநிலை. இதற்கும் ஒரு கருவி உண்டு: பலகையில் இரண்டு குச்சிகளை நட்டு, தலையில் ரப்பர் செருகியது. முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 செ.மீ. தள்ளி இறக்கையின் அடியில் முட்டுக்கொடுத்துத் தூக்குங்கள். விமானம் மட்டமாக நிற்க வேண்டும். மூக்கு கொஞ்சம் தாழ்ந்தால், அதாவது முன்பாரம் என்றால், மந்தமாகப் பறக்கும், பரவாயில்லை. பின்பாரம் என்றால் கிளம்பவே விடாதீர்கள். மூக்கை உயர்த்தி உயர்த்தித் தடுமாறும், உங்கள் விரல் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. வால் நீளமாகவும் மூக்கு குட்டையாகவும் இருப்பதால், வாலில் கூடுகிற ஒரு கிராமுக்கு மூக்கில் மூன்று கிராம் போலச் சேர்க்க நேரும். ஆகவே வாலில் பசையைக் கஞ்சத்தனமாகப் பூசுங்கள்.

எடையில் கஞ்சத்தனம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு மேனார்ட் ஹில் ஒருவரே போதும். பார்வை பெரும்பாலும் போய்விட்ட நிலையில், எழுபது வயதைத் தாண்டி, நண்பர்களோடு சேர்ந்து அவர் பால்சா மரத்தில் செய்த விமானம், எரிபொருளோடு சேர்த்து 5 கிலோகூட இல்லை. 2003 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிளம்பி, அட்லாண்டிக்கைக் கடந்து, 38 மணி 52 நிமிடத்தில் அயர்லாந்துக் கரையில் இறங்கியது. சுமார் 3,030 கிலோமீட்டர். அதற்கு முன் அனுப்பியவை கரை சேரவில்லை.

இப்போது மோட்டார். மொத்தம் 800 கிராம் விமானத்துக்கு 150 வாட் தாராளம். வோல்ட்டுக்கு ஆயிரம் சுற்று என்று குறித்த மோட்டார், பத்து அங்குல ப்ரொப்பெல்லர், 30 ஆம்பியர் கன்ட்ரோலர், மூன்று செல் 2200 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, 9 கிராம் சர்வோ நான்கு. பத்து நிமிடம் போலப் பறக்கலாம். ரிமோட் எதுவானாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் போதும். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் மோதிக்கொண்ட காலம் போய்விட்டது. இதெல்லாம் மாட்டுவதற்கு முன், அதே எடைக்கு மணல் பொட்டலம் கட்டி, புல் தரையில் கையால் மெல்ல எறிந்து பாருங்கள். நேராக மிதந்து இறங்குகிற வரைக்கும் பேட்டரியை இணைக்கவே வேண்டாம்.

கடைசியாகச் சில கண்டிப்புகள். இந்தியாவில் 2021 ட்ரோன் விதிகள் பொழுதுபோக்கு விமானத்தையும் கணக்கில் வைத்திருக்கின்றன. மைதானம் பச்சை மண்டலத்தில் இருக்கிறதா என்று டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். அங்கும் உயரம் 400 அடிக்குள், விமானம் எப்போதும் கண் பார்வைக்குள். ரிமோட்டை முதலில் ஆன் செய்து கடைசியில் ஆஃப் செய்யுங்கள். மேசையில் மோட்டாரைச் சோதிக்கும்போது ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். லித்தியம் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், செல்லுக்கு 4.2 வோல்ட் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.