பையன் அடித்தது புலிக்குட்டி அல்ல

வைகாசி அமாவாசையன்று கொல்கத்தாவின் காளிகாட் கோயில் தெருவில் நிற்க இடம் கிடைக்காது. பலஹாரிணி காளி பூஜை. மாம்பழமும் லிச்சியும் நிறைந்த தட்டுகளோடு வரிசை மெல்ல நகரும். பல ஆண்டுகளாக அதே நாளில் ஹவுரா–கரக்பூர் தடத்து உள்ளூர் ரயில்களில் வேறொரு கூட்டமும் பயணம் போனது. கையில் வில், அம்பு, ஈட்டி, வலை. பான்ஸ்குரா, கிராய் பக்கத்துப் புதர்களிலும் வயல் வரப்புகளிலும் பகல் முழுக்க வேட்டை. நரி, உடும்பு, காட்டுப்பூனை, மீன்பிடிப் பூனை என்று கண்ணில் பட்டதெல்லாம் விழும். அப்பா, மாமா, அண்ணன் பின்னால் மீசை முளைக்காத பையன்களும் போவார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காகவும் அவர்களைப் பெற்றவர்களுக்காகவும்.

2018 ஏப்ரலில் மேற்கு வங்கத்தின் லால்கர் பக்கத்துக் காட்டில், வேட்டைத் திருவிழா நடந்த நாட்களில், ஒரு வங்கப்புலி ஈட்டிக் குத்துப்பட்டுச் செத்துக் கிடந்தது. நாடே அதிர்ந்தது. மறு ஆண்டு, ஹீல் என்ற கொல்கத்தா அமைப்பு தொடுத்த பொதுநல வழக்கில், சடங்கின் பேரில் நடக்கும் வேட்டையைத் தடுத்தே ஆக வேண்டும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. அதன் பிறகு ரயில் நிலையங்களில் சோதனை, ஊர் ஊராக எச்சரிக்கை என்று நிலைமை மாறிவருகிறது. ஆனாலும் பழக்கம் முழுதாக விட்டுப்போகவில்லை.

பிடிபட்டவர்கள் சொல்லும் முதல் சமாதானம், “முயல் என்று நினைத்து அடித்துவிட்டோம்.” இரண்டாவது, “புலிக்குட்டி என்று பயந்து அடித்துவிட்டோம்.” இரண்டுமே சட்டத்தில் செல்லாது.

முதலாவது ஏன் செல்லாது? முயலை அடிப்பதும் குற்றம்தான். சில நாடுகளில் வேட்டைக்கு உரிமம் உண்டு, பருவம் உண்டு. எதைச் சுடலாம் என்று பிள்ளைக்கு வகுப்பே நடக்கும். இந்தியாவில் அப்படியொரு பட்டியல் கிடையாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, முதல் இரண்டு அட்டவணைகளிலுள்ள எந்த விலங்கையும் வேட்டையாடத் தடை விதிக்கிறது. முயல் இரண்டாம் அட்டவணையில். மீன்பிடிப் பூனை, உடும்பு, 2022 திருத்தத்துக்குப் பின் நரி, எல்லாம் முதல் அட்டவணையில். முதல் அட்டவணை விலங்கைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறை; அதோடு 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். கொல்வது மட்டும் வேட்டை இல்லை. வலை வைப்பது, காயப்படுத்துவது, கூட்டைக் கலைப்பது, முட்டை எடுப்பது, முயன்று தவறுவதுகூட வேட்டைதான். இறைச்சியோ தோலோ கையில் இருந்தால், சட்டப்படி வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருப்பவர் தலையில் விழும்.

இரண்டாவது சமாதானத்துக்குச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. உயிர் காக்க நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொன்றால் குற்றமில்லை என்கிறது 11-ஆவது பிரிவு. ஆனால் அந்த நேரத்தில் இதே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தவருக்கு அந்தக் காப்பு இல்லை. ஈட்டியோடு புதரைக் கலைக்கப் போனவர், புதரிலிருந்து பாய்ந்தது என்று சொல்லித் தப்ப முடியாது.

‘புலிக்குட்டி’ என்று அடிபட்டுச் சாவது பெரும்பாலும் எது என்று பார்க்க வேண்டும். ஹவுரா மாவட்டத்தின் குளக்கரைகளிலும் சம்பங்கோரைப் புதர்களிலும் பாக்ரோல் வாழ்கிறது. அதுதான் மீன்பிடிப் பூனை. மேற்கு வங்கத்தின் மாநில விலங்கு. கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்களிலும் உண்டு. சாம்பலும் பசுமஞ்சளும் கலந்த உடம்பு. அதில் கருப்புப் புள்ளிகள் வரிசை வரிசையாக ஓடும். நெற்றியிலிருந்து பிடரிக்குக் கோடுகள். காதின் பின்புறம் ஒரு வெள்ளைப் பொட்டு. கட்டையான கால். முக்கியமாக வாலைப் பாருங்கள்: உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குபோலக் குட்டையாக இருக்கும். சிறுத்தைக் குட்டிக்கு வால் நீளம். புள்ளிகள் பூப்போல வளையமாக இருக்கும். காட்டுப்பூனைக்கு உடம்பில் புள்ளியே தெரியாது. காது நுனியில் சிறு முடிக்கொத்து, வால் நுனியில் கருவளையம். தென் வங்கச் சமவெளியில் சிறுத்தை கிடையாது என்றே சொல்லலாம். ஹவுரா குளக்கரையில் புள்ளியோடு ஒன்று ஓடினால் அது பெரும்பாலும் பாக்ரோலாகத்தான் இருக்கும். மனிதரைத் துரத்தும் விலங்கு அல்ல, மீனும் எலியும் தின்று பிழைப்பது. உடும்புக்கும் இதே கதி. கடித்தால் உயிர் போய்விடும் என்று பயந்து கல்லெறிகிறார்கள். இந்த வித்தியாசங்களைப் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு மாலைப்பொழுது போதும். சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அதனால்தான் பையனின் பிழையை நான் பையன் கணக்கில் எழுத மாட்டேன். சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கிறது. 7 வயதுக்குட்பட்ட குழந்தை செய்வது எதுவும் குற்றமே ஆகாது. 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதி வாரியத்தின் முன் நிறுத்த வேண்டும். பெற்றோருக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். ஜாமீனில் விடுவதுதான் பொது விதி. அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம், சமூகப் பணி செய்யச் சொல்லலாம், பெற்றோரிடம் நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கி அவர்கள் பொறுப்பில் விடலாம். அபராதத்தைப் பெற்றோரே கட்டும்படியும் வாரியம் உத்தரவிடலாம்.

கூட்டிக்கொண்டு போன பெரியவர் நிலை வேறு. பிள்ளையைச் சட்டவிரோதக் காரியத்துக்குப் பயன்படுத்தினால் 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 83-ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 95-ஆவது பிரிவு இன்னும் கடுமை: குற்றம் செய்யப் பிள்ளையை ஈடுபடுத்தியவருக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 10 ஆண்டு. அந்தக் குற்றம் நடந்துவிட்டால், தானே செய்ததுபோல அதற்கான தண்டனையும் சேரும். துப்பாக்கி என்றால் 21 வயது நிரம்பாதவர் கையில் அதைக் கொடுக்கவே ஆயுதச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை.

பழங்குடி மக்களின் வழக்கம் என்று சொல்பவர்களுக்கு மரியாதையோடு ஒன்று. சந்தால் மக்களின் செந்த்ரா வேட்டை வெறும் கொலைக் களியாட்டமல்ல. காட்டில் ஊர்கள் கூடி வழக்குகளைத் தீர்த்துக்கொண்ட பெரும் சபை அதில் உண்டு. இளைஞனுக்குக் காட்டைக் காட்டிக்கொடுத்த பள்ளியும் அதுதான். அந்தச் சபையும் பாட்டும் நடையும் தொடரட்டும். ஆனால் வனவாசிகளுக்கு உரிமைகளை வாரி வழங்கிய 2006 வன உரிமைச் சட்டமே, பாரம்பரிய வேட்டை உரிமையை மட்டும் வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் இதைப் பையன்களிடம் சொல்லாமல் விட்டால், வழக்கு வரும்போது அகப்படுவது அந்த ஏழை வீட்டுப் பிள்ளைதான்.

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இதைப் படிப்பவர்கள், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். பொங்கலை ஒட்டி முயல் வேட்டை போகும் ஊர்கள் நம் பக்கமும் உண்டு. விடுமுறைக்கு ஊர் போகும் பிள்ளையை மாமா ஆசையாகக் கூப்பிடுவார். வேட்டைச் சாமான் வீட்டுப் பிள்ளையையே பலிவாங்கியதும் உண்டு: 2020 ஜூனில் திருச்சி மாவட்டம் தொட்டியம் அருகே, மீன் பிடிக்க வாங்கி மிச்சம் வைத்திருந்த வெடியைத் தின்பண்டம் என்று கடித்த 6 வயதுச் சிறுவன் இறந்துபோனான். அவனைப் பலிகொண்டது பெரியவர்களின் அஜாக்கிரதை. கொல்கத்தாவிலேயே கலிஃப் தெரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் குழந்தை கேட்டது என்று பச்சைக்கிளி வாங்கித் தருகிறோம். அதுவும் சட்டத்தின் அட்டவணையில் உள்ள பறவைதான், வாங்குவதும் குற்றம்.

வேட்டைக் கூட்டத்தைக் கண்டால் தனியாகப் போய்த் தடுக்காதீர்கள். வனத்துறைக்கோ 112-க்கோ சொல்லுங்கள். பிள்ளைகள் இருந்தால் 1098-க்கும். புதரில் பூனைக்குட்டிகள் கிடந்தால் தூக்காதீர்கள். விலகி நின்றால் தாய் திரும்பி வரும். பையன் பிடிபட்டுவிட்டால் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். 15100-இல் அழைத்தால் இலவச சட்ட உதவி கிடைக்கும். சிறாருக்கு அது உரிமை. வயதுச் சான்றை உடனே எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்னொரு விஷயத்தில் காத்திருக்கவே கூடாது: விலங்குக் கடி. நரி கடித்ததை, அடி விழும், போலீஸ் வரும் என்ற பயத்தில் பையன் மறைப்பான். கைகால் கீறலைப் பார்த்தால் திட்டாமல் கேளுங்கள். சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், கடித்தது நாயில்லை நரி என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். வழக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெறிநோயின் அறிகுறி தெரிந்த பிறகு மருத்துவர் செய்வதற்கு அநேகமாக எதுவும் இருக்காது.