சுட்ட தோட்டாவை வீட்டிலேயே மீண்டும் நிரப்பலாமா? குடகு விலக்கும் ஆயுதச் சட்டமும் சொல்வது என்ன?

மைசூரு: துப்பாக்கி உரிமம் பெற்ற ஒருவர், தாம் சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளை உறையில் மருந்தையும் குண்டையும் நிரப்பி மீண்டும் பயன்படுத்தலாமா? அமெரிக்காவில் இது பலருக்கு வார இறுதிப் பொழுதுபோக்கு. இந்தியாவிலோ, உரிய அனுமதியின்றி இதில் இறங்குபவர் குறைந்தபட்சம் 7 ஆண்டு சிறைத் தண்டனைக்குரிய குற்றச்சாட்டை எதிர்கொள்ள நேரிடலாம்.

மைசூரு மாவட்டத்தை ஒட்டிய குடகில், உரிமம் பெறாமலேயே துப்பாக்கி வைத்திருக்கக் கொடவர் சமூகத்தினருக்கு அனுமதி உண்டு. துப்பாக்கிக்கே உரிமம் தேவையில்லை என்றால் தோட்டா நிரப்புவதற்கு மட்டும் எதற்கு என்ற கேள்வி இங்கு எழுவது இயல்பு. ஆனால், துப்பாக்கி வைத்திருப்பதையும் தோட்டா தயாரிப்பதையும் ஆயுதச் சட்டம் இரு வேறு செயல்களாகவே பார்க்கிறது.

தோட்டாவை மீண்டும் நிரப்புவது எப்படி?

தோட்டா என்பது நான்கு பகுதிகளைக் கொண்டது. உறை, அதன் அடியில் பொருத்தப்பட்ட பிரைமர் எனும் தீமூட்டி, உள்ளே புகையில்லா வெடிமருந்து, முனையில் குண்டு. துப்பாக்கியின் ஊசி பிரைமரைத் தட்டும்போது பொறி எழுந்து மருந்து எரிகிறது. அதனால் உண்டாகும் வாயுவின் அழுத்தம் குண்டை முன்னே தள்ளுகிறது. மிஞ்சுவது உறை மட்டுமே.

அந்த உறையைச் சுத்தம் செய்து, விரிந்த அளவைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, புதிய பிரைமர், மருந்து, குண்டு ஆகியவற்றைப் பொருத்துவதே மறுநிரப்பல். உறையின் விலை மிச்சமாகிறது என்பதும், துப்பாக்கிக்கு ஏற்றவாறு தோட்டாவைத் துல்லியமாக அமைக்கலாம் என்பதும் இதன் ஈர்ப்புகள்.

எல்லாத் தோட்டாக்களையும் இவ்வாறு நிரப்ப இயலாது. துப்பாக்கி சுடும் போட்டிகளில் பரவலாகப் பயன்படும் .22 ரகத் தோட்டாவில் தீமூட்டும் கலவை உறையின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால், ஒருமுறை சுட்டதும் அது கழிவுதான். 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் போட்டிகளில் வெடிமருந்தே கிடையாது. எனவே, பயிற்சி பெறும் இளம் வீரர்களில் பெரும்பாலோருக்கு மறுநிரப்பல் என்ற கேள்வியே எழுவதில்லை. மையத்தில் பிரைமர் கொண்ட ரைஃபிள், கைத்துப்பாக்கித் தோட்டாக்களும், 12 போர் தோட்டாக்களும் வைத்திருப்பவர்களுக்கே இது பொருந்தும்.

சட்டம் சொல்வது என்ன?

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருப்பதற்கான உரிமம் பற்றியது. 5-ஆவது பிரிவு, அவற்றைத் தயாரித்தல், விற்றல், மாற்றியமைத்தல், பழுதுபார்த்தல், சோதித்தல் ஆகியவற்றுக்கான உரிமம் பற்றியது. முதலாவது உரிமம் கையில் இருப்பதால் இரண்டாவது தானாகக் கிடைத்துவிடாது.

இதைவிட முக்கியமானது, 2-ஆவது பிரிவில் உள்ள விளக்கம். தோட்டா, வெடிகுண்டு ஆகியவற்றுடன் துப்பாக்கிக்கான மருந்து நிரப்பம், தோட்டாவின் பாகங்கள், தோட்டா தயாரிக்கும் இயந்திரம் ஆகியவையும் 'வெடிபொருள்' என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று அது கூறுகிறது. அதாவது, ஒரு சிட்டிகை மருந்துகூட இல்லாத நிலையிலும், மேசையில் பொருத்தும் மறுநிரப்பல் கருவியே சட்டத்தின் பார்வையில் தோட்டாவுக்கு நிகரான பொருளாகக் கருதப்படக்கூடும். இத்தகைய பொருள்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கும் 10-ஆவது பிரிவின்படி உரிமம் தேவை. வெளிநாட்டில் கடையில் தாராளமாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருபவர் சிக்கலில் மாட்டிக்கொள்ளக்கூடும். வெடிமருந்தைப் பொறுத்தவரை, 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளும் தனியே பொருந்தும்.

தண்டனையை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் கடுமையாக்கியது. 5-ஆவது பிரிவை மீறித் தோட்டா தயாரித்தால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை என்றிருந்த சிறைத் தண்டனை, குறைந்தபட்சம் 7 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் சிறை என மாற்றப்பட்டது. உரிமமின்றி வைத்திருப்பதற்கான தண்டனை 1 முதல் 3 ஆண்டுகள் என்பதிலிருந்து 2 முதல் 5 ஆண்டுகள் என உயர்த்தப்பட்டது.

காலி உறை வைத்திருப்பதே குற்றமா?

நினைவுப் பொருளாக ஒரு காலி உறையை வைத்திருந்து விமான நிலையச் சோதனையில் சிக்கியவர்கள் உண்டு. இவர்களுக்குச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு ஓரளவு பாதுகாப்பு அளிக்கிறது. மற்ற பாகங்களுடன் சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமின்றி வைத்திருக்கும் சிறு பாகங்களுக்கு ஆயுதச் சட்டம் பொருந்தாது என்கிறது அப்பிரிவு. பொருள் தம்மிடம் இருப்பதை அறிந்தே வைத்திருந்தாரா என்பதும் முக்கியம் என்று 1972-ஆம் ஆண்டு குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஆனால், அதே உறைகளுடன் பிரைமர், மருந்து, நிரப்பும் கருவி ஆகியவையும் ஒரே வீட்டில் இருந்தால் நிலைமை தலைகீழாகிறது. 'சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லை' என்று வாதிட அங்கு இடமிருக்காது.

குடகு விலக்கு எதுவரை?

1857 கிளர்ச்சிக்குப் பின் மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்க ஆங்கிலேய அரசு சட்டம் கொண்டுவந்தபோது, குடகு மக்களுக்கு 1861-இல் விலக்கு அளிக்கப்பட்டது. 1956-இல் குடகு அப்போதைய மைசூர் மாநிலத்துடன் இணைந்த பிறகும், ஆயுதச் சட்டத்தின் 41-ஆவது பிரிவின் கீழ் இந்த விலக்கு தொடர்ந்தது. கொடவர்களுடன், ஜம்மா எனப்படும் பரம்பரை நில உரிமை பெற்றவர்களும் இதன் பயனைப் பெறுகின்றனர். செப்டம்பரில் வரும் கைல்போத் விழாவில் துப்பாக்கிகளை வைத்து வழிபடுவதும், புத்தரி அறுவடை விழாவில் வானை நோக்கிச் சுடுவதும் இன்றளவும் அங்கு வழக்கம்.

2019-இல் வெளியான மத்திய அரசு அறிவிக்கை, இந்த விலக்கை 2029 அக்டோபர் 31 வரை நீட்டித்தது. இதை எதிர்த்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கை 2021 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. விலக்கு வரம்பற்றது அல்ல, குறிப்பிட்ட காலத்துக்கு நிபந்தனைகளுடனேயே வழங்கப்பட்டுள்ளது என்பதையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது.

இந்த விலக்கு, துப்பாக்கி வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உரிமம் பெற வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து அளிக்கப்பட்டது. அதைத் தோட்டா தயாரிப்புக்கான அனுமதியாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது குறிப்பிடத்தக்கது.

பிற நாடுகளில் நிலை என்ன?

அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பனைக்குத் தயாரித்தால் தேவை. பிரிட்டனில், 2006-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், பிரைமர் வாங்குவதற்கே துப்பாக்கிச் சான்றிதழைக் காட்ட வேண்டும். ஜெர்மனியில் பயிற்சி வகுப்பை முடித்து, வெடிபொருள் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்றவர்களே இதில் ஈடுபடலாம்.

ஜெர்மனி பயிற்சியைக் கட்டாயமாக்கியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மருந்தின் வகை மாறினாலோ, ஒரே உறையில் இருமுறை மருந்து விழுந்தாலோ, அழுத்தம் தாங்காமல் துப்பாக்கி முகத்தருகே வெடித்துச் சிதறக்கூடும். பலமுறை பயன்படுத்திய உறை பிளந்துவிடலாம். பிரைமர் சிறு அதிர்ச்சிக்கே வெடிக்கக்கூடியது. ஈயத் துகள் கைவழியாகவும் மூச்சுவழியாகவும் உடலில் சேர்வது, வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு மேலும் கேடு.

இந்தியச் சட்டத்தின் கவலை இதோடு முடிவதில்லை. இங்கு உரிமதாரர் வாங்கும் ஒவ்வொரு தோட்டாவும் கணக்கில் ஏறுகிறது. உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் புதிய தோட்டா வாங்கும்முன் பழைய உறைகளைக் கணக்குக் காட்டும் நடைமுறையும் உண்டு. ஓர் உறையை வீட்டிலேயே பத்து முறை நிரப்ப முடியுமானால் அந்தக் கணக்குக்குப் பொருளே இல்லாமல் போகும். நாகரஹொளே, பந்திப்பூர் காடுகளை ஒட்டிய இப்பகுதியில் இது வேட்டைத் தடுப்புடனும் தொடர்புடையது. சரணாலய எல்லையிலிருந்து 10 கி.மீ. தொலைவுக்குள் வசிக்கும் ஆயுத உரிமதாரர்கள் தங்கள் விவரத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே கூறுகிறது.

உரிமதாரர்கள் செய்ய வேண்டியது என்ன?

ஐயம் உள்ளவர்கள், கருவி எதையும் வாங்குவதற்கு முன்பே உரிமம் வழங்கும் அதிகாரியிடம் எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெறுவதே பாதுகாப்பானது. மைசூரு நகரில் காவல் ஆணையர் அலுவலகத்தையும், நகருக்கு வெளியே மாவட்ட நிர்வாகத்தையும் அணுகலாம்.

தாத்தா காலத்து எஸ்டேட் பங்களாவிலோ பரணிலோ பழைய தோட்டாக்கள், மருந்து டப்பா, நிரப்பும் கருவி ஆகியவை கிடைத்தால் அவற்றைப் பிரித்துப் பார்க்கவோ சோதித்துப் பார்க்கவோ கூடாது. உரிமம் பெற்றிருந்தவர் காலமான பிறகு, அவரது ஆயுதங்களையும் தோட்டாக்களையும் காலதாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு கூறுகிறது. பழைய மருந்து நிலைத்தன்மை இழந்திருக்கலாம் என்பதால், அதைத் தாங்களே எடுத்துச் செல்லாமல், முதலில் காவல் துறைக்குத் தகவல் தெரிவிப்பது நல்லது.