புது பேட்டரி, பழைய அழுக்கு

பேட்டரி மாற்றிய மறுநாளே கார் சிக்னலில் அணைந்து அணைந்து போனால், மாட்டிக்கொடுத்தவர் எதையோ கெடுத்துவிட்டார் என்றுதான் தோன்றும். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய வண்டியாயிற்றே! ஆனால் பெரும்பாலும் கோளாறு நேற்றே இருந்தது. இன்ஜினின் கணினி அதை மூடி மறைத்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் காரில் காற்று நுழையும் வழியில் த்ராட்டில் பாடி என்ற பாகம் இருக்கிறது. இப்போதைய கார்களில் அதன் வட்டத் தகடு, ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோதும் மயிரிழை திறந்திருக்கும். அந்த இடுக்கில் வரும் காற்றில்தான் இன்ஜின் நிமிடத்துக்கு 700, 800 சுற்று என ஐடிலிங்கில் நிற்கிறது. நாளடைவில் எண்ணெய் ஆவியும் தூசும் சேர்ந்து தகட்டின் விளிம்பில் கரியாகப் படியும். இடுக்கு அடைபட அடைபட, கணினி தகட்டை இன்னும் கொஞ்சம் திறந்து சரிக்கட்டி, அந்த அளவை நினைவில் குறித்துக்கொள்ளும். பல கார்களில் அந்த நினைவுக்கு பேட்டரி மின்சாரமே உயிர். கேபிளைக் கழற்றினால் கணக்கு அழிந்து, தகடு சுத்தமாக இருந்த காலத்து அளவுக்குக் கணினி போய்விடுகிறது. கரி மட்டும் போகவில்லை. கார்புரேட்டர் வைத்த பழைய அம்பாசடருக்கு இந்தத் தொல்லை கிடையாது. மறப்பதற்கு அதனிடம் நினைவே இல்லை.

ஆகவே பாகத்தை மாற்றுவதற்கு முன், கணினிக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். பல கார்களுக்கு இது போதும்: விளக்கு, ஏ.சி. எல்லாம் அணைத்து, ரேடியேட்டர் விசிறி சுற்றும்வரை இன்ஜினைச் சூடேற்றி, பிறகு ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் விடுவது, அடுத்து ஏ.சி. போட்டு இன்னும் சில நிமிடம். நிசான் போன்ற சிலவற்றுக்குத் தனி முறை உண்டு, ஸ்கேனரும் தேவைப்படலாம். ஓட்ட ஓட்டத் தானே சரியாகிவிடாதா என்பார்கள். ஆகும்தான். ஆனால் ஓடும் வண்டியில் இன்ஜின் அணைந்தால் ஸ்டியரிங் கனத்துப்போகும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக்கும் இறுகிவிடும். அதைவிட, நிறுத்திய இடத்திலேயே இந்தப் பாடத்தை முடிப்பது மேல். மூடிய ஷெட்டுக்குள் மட்டும் வேண்டாம், புகை ஆளைக் கொல்லும்.

நினைவு அழியாதபடி வேறு மின்சாரம் கொடுத்துக்கொண்டே பேட்டரியை மாற்றலாமே என்ற யோசனையும் உண்டு. மாற்றலாம், அழுக்கும் அப்படியே ஒளிந்திருக்கும். த்ராட்டிலின் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலிங்கை ஏற்றும் கைவைத்தியம் இதைவிட மோசம். அது தொழிற்சாலையில் அளந்து வைத்தது. கலைத்தால் சென்சாரின் கணக்கே தப்பிவிடும். கற்றுக்கொடுத்த பிறகும் இன்ஜின் தடுமாறினால், அப்போது மாட்டியவரின் வேலையைச் சோதிப்பது நியாயம்: பேட்டரி டெர்மினல் தளர்ந்திருக்கிறதா, வேலையின்போது காற்றுக் குழாய் கழன்றதா, எங்காவது உஸ்ஸென்று சத்தம் வருகிறதா? ஓடும்போது பேட்டரியில் பெரும்பாலும் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். இவையும் சரியென்றால் த்ராட்டில் பாடியைக் கழற்றி, அதற்குரிய கிளீனரால் துடைக்க வேண்டும். துடைத்தபின் மறுபடி கற்றுக்கொடுக்காவிட்டால், முன்பு அணைந்த அதே இன்ஜின் இப்போது 1,000 சுற்றைத் தாண்டி இரையலாம்.