மணலி எலுமிச்சையில் வெள்ளிக் கோடு

சென்னையின் மணலியில் மாடித் தொட்டி எலுமிச்சையின் துளிர் சுருண்டு, இலையில் வெள்ளி நிறத்தில் வளைந்து வளைந்து கோடு விழுந்தால், ஆலைப் புகை மீதுதான் முதல் சந்தேகம் போகும். அந்தச் சந்தேகத்துக்கு நியாயம் உண்டு. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட கடும் மாசுப் பகுதிகளின் பட்டியலில் மணலியும் இருந்தது. ஆனால், இந்தக் கோட்டை இழுத்தது ஒரு புழு.

இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கோட்டின் நடுவே கரிய நூலாக ஓடுவது புழுவின் எச்சம். கோடு முடிகிற இடத்தில், மேல்தோலுக்கு அடியில், இளமஞ்சள் நிறத்தில் தட்டையாகப் படுத்திருப்பதுதான் புழு. முழுதாக வளர்ந்தாலும் ஏறக்குறைய 3 மி.மீ.தான். காலே கிடையாது. வேளாண் துறையினர் இதை இலைத் துளைப்பான் என்கிறார்கள். அறிவியல் பெயர் பில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா.

தாய் அந்துப்பூச்சி கொசுவை விடச் சிறியது. வெள்ளிச் சிறகு, அதன் நுனியில் ஒரு கரும்புள்ளி. பொழுது சாய்ந்த பிறகு வந்து, இளந்துளிரில் ஒவ்வொரு முட்டையாக இடும். பொரிந்த புழு நேராக இலைக்குள் புகுந்து, மேல்தோல் செல்களைக் கிழித்துச் சாறு குடித்தபடி நகரும். நான்காம் பருவத்தில் தீனியை நிறுத்திவிட்டு, இலை விளிம்பைப் பட்டு இழையால் மடக்கி அதற்குள் கூட்டுப்புழுவாகிறது. முட்டையிலிருந்து பூச்சி வரை, வெப்பத்தைப் பொறுத்து, 2 முதல் 7 வாரம் ஆகும். சென்னை வெயிலில் சீக்கிரமே முடிந்துவிடும்.

இது நம் பக்கத்துப் பூச்சிதான். 1856-ல் ஸ்டெயின்டன் இதற்குப் பெயரிட்டபோது கையில் இருந்தவை கல்கத்தா மாதிரிகள். 1993-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் தென்பட்டது. சில ஆண்டுகளுக்குள் மத்திய தரைக்கடல் நாடுகளும் பிரேசிலும் இதன் பிடிக்குள் வந்தன. தாய்லாந்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து புளோரிடாவில் விட்டார்கள். நம் தோட்டங்களிலும் இப்புழுவைத் தின்னும் குளவிகள் உண்டு. கண்ட மருந்தையும் அடித்தால் முதலில் சாவது அவைதான்.

முற்றிய இலையை இப்பூச்சி சீண்டாது. வளர்ந்த மரம் இதைத் தாங்கிக்கொள்ளும். இளங்கன்றுக்குத்தான் கவனம் தேவை. துளிர் விடும்போது 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். கோடு விழுந்த இலைகளையெல்லாம் கத்தரித்துத் தள்ள வேண்டாம்: மிச்சமுள்ள பச்சை இன்னும் உணவு தயாரிக்கிறது, வெட்டிய இடத்தில் வரும் புதுத்துளிரோ அடுத்த பூச்சியை அழைக்கும். புதுத்துளிரைத் தூண்டும் யூரியாவையும் குறையுங்கள். கிழிந்த தோல் வழியே சொறி நோய்க் கிருமி எளிதில் நுழைகிறது. இலையில் மஞ்சள் வளையத்தோடு தக்கை போன்ற புள்ளி தெரிந்தால், அந்தக் கிளையை மட்டும் உடனே வெட்டி எரித்துவிடுங்கள்.