செவி என்னும் அறிவு வாயில்

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அவற்றின் அறிவு பற்றி வகுக்குமிடத்து, ஊறு, சுவை, நாற்றம், கட்புலன் என்பவற்றை முறையே வைத்து, செவியறிவை ஐந்தாவதாக எண்ணினார். அதற்கு அடுத்தது மனம். திருவள்ளுவரும் ‘கேள்வி’ என்னும் அதிகாரத்தை ‘அறிவுடைமை’க்கு முன்னே நிறுத்தினார். கற்பார்க்குச் செவி எத்துணை இன்றியமையாதது என்பது இவற்றாற் புலனாகும். அச்செவி தொழிற்படும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஒலி என்பது காற்றில் எழும் அதிர்வு. புறச்செவி அதனைத் திரட்டி உட்செலுத்த, செவிக்குழாயின் முடிவில் முரசின் தோல்போல் அமைந்த செவிப்பறை அதிர்கின்றது. அதற்கப்பால், நடுச்செவியில், சம்மட்டி, பட்டடை, அங்கவடி ஆகியவற்றின் வடிவினவாய மூன்று சிற்றென்புகள் கோவைப்பட்டுள்ளன. அங்கவடி ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் அளவினது. உடலிலுள்ள என்புகளுள் மிகச் சிறியது இதுவே. உட்செவியோ நீர்மம் நிறைந்தது. காற்றின் அதிர்வு நேரே நீர்மத்தில் விழுமாயின் பெரும்பாலும் தெறித்துத் திரும்பிவிடும். செவிப்பறையின் பரப்பு அங்கவடியின் அடிப்பரப்பிலும் ஏறக்குறைய 17 மடங்கு பெரிதாதலின், பரந்த பறையில் விழுந்த விசை சிறிய இடத்திற் குவிந்து நீர்மத்தை அசைக்க வல்லதாகின்றது.

உட்செவியில் நத்தையோடு போலச் சுருண்ட குழல் ஒன்றுண்டு. அதனுள்ளே ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள் வரிசையாக நிற்கின்றன. குழலின் அடிப்பகுதி உயர்ந்த சுருதியையும், நுனிப்பகுதி தாழ்ந்த சுருதியையும் ஏற்கும். ஒலியலை இக்குழலிற் செல்லும் முறையை ஆராய்ந்து விளக்கிய பெக்கெசி என்பார் 1961 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். அலை எழுந்த இடத்து மயிர்கள் வளைய, மின்கணத்தாக்கம் பிறந்து நரம்பு வழியே மூளையை அடைகின்றது. மூளை அதனைச் சொல்லென உணர்கின்றது.

மனிதர்க்கு இம்மயிர்க்கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பேரொலியால் முதலிற் கெடுவன பெரும்பாலும் உயர்ந்த சுருதியை ஏற்பனவே. தமிழாசிரியர் கருதத்தக்க செய்தி இதில் ஒன்றுண்டு. உயிரொலிகள் வலிமை மிக்கன; அவற்றின் அதிர்வு பெரும்பாலும் தாழ்ந்தது. வல்லின மெய்களோ மெலிந்து ஒலிப்பன. அவற்றைப் பிரித்தறியப் பெரிதும் உதவுவன உயர்ந்த அதிர்வுகளே. ஆகவே இக்குறையுடைய மாணவனுக்கு உயிர் கேட்கும். மெய் தெளிவாகக் கேளாது. ஆசிரியர் பேசுவது கேட்கும். ‘பத்து’ என்றாரா, ‘பட்டு’ என்றாரா என்பது விளங்காது. தடிமன் பற்றிய சிறுவர்க்கு, தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் அடைபட்டு நீர் தங்குவதாலும் கேட்கும் ஆற்றல் குன்றும்; இது பெரும்பாலும் மாறத்தக்கது.

இத்தகையவன் சொல்வதெழுதலிற் பிழை விடுவான். வினாவொன்றிருக்க விடையொன்று பகர்வான். ஈற்றில் மந்தன் எனப் பெயர் பெறுவான். அவனுக்குள்ள குறை கேளாமையேயன்றி அறியாமை அன்று. அவனை முன்வாங்கில் இருத்தி, முகம் நோக்கிப் பேசி, செவி வைத்தியரிடம் அனுப்புவித்தல் ஆசிரியர் கடனாகும். சினத்தாற் செவிமேல் அறைதல் பறையைக் கிழிக்கவும் கூடும் என்பதை ஆசிரியரும் பெற்றோரும் மறத்தலாகாது.

மாணவர்க்கும் ஒரு சொல். 85 தெசிபெல் அளவான ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேற் கேட்டல் தீது. ஒவ்வொரு 3 தெசிபெல் உயர்வுக்கும் ஒலியின் ஆற்றல் இருமடங்காதலின், தகும் நேரம் பாதியாகும். 100 தெசிபெலாயின் 15 நிமிடமே. விழாக்களில் ஒலிபெருக்கியின் அருகே நிற்போரும், செவியிற் செருகிய கருவியால் நெடுநேரம் இசை கேட்போரும் இக்கணக்கை மனங்கொள்க. கோழியிறகையும் ஊக்கையும் செவிக்குட் செலுத்தும் வழக்கத்தையும் ஒழிக்க.

இம்மலரை விரிக்கும் பழைய மாணவருள், பிறர் கூறுவது விளங்காதிருந்தும் விளங்கியது போலத் தலையசைப்பார் சிலர் இருத்தல் கூடும். கண்ணுக்குக் கண்ணாடி அணிய நாணாத நாம், செவிக்குக் கருவி அணிய நாணுதல் எற்றுக்கு? பேரப்பிள்ளைகளின் மழலை, கேளாது கழியுமாயின், மீண்டு வருவதன்று.