மொத்த விலைப்பட்டியலுக்கு ஒரு தனி அறை, அதற்கொரு பூட்டு

இன்று நமது வியாபாரிகளில் பலர் சொந்தமாக இணையத்தளம் வைத்திருக்கின்றனர். கடையின் பெயர், தொலைபேசி இலக்கம், பொருட்களின் படங்கள் என்பன எல்லோரும் பார்க்க வேண்டியவை. ஆனால் மொத்த விலைப்பட்டியலும் முகவர்களுக்கான கழிவு விபரமும் அப்படியல்ல. இவ்விரண்டையும் ஒரே ஹோஸ்டிங் கணக்கில் பிரித்து வைக்க முடியும். அதற்கு மேலதிகச் செலவு பெரும்பாலும் இல்லை.

புறக்கோட்டையில் இரும்புப் பொருள் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நானா, வெளியூர் முகவர்களுக்கான விலைப்பட்டியலைத் தமது தளத்தில் ஏற்றி, அதன் லிங்கை அவர்களுக்கு மட்டும் அனுப்பி வந்தார். சில்லறை வாடிக்கையாளர் ஒருவர் அதே பட்டியலைக் கைத்தொலைபேசியில் காட்டி, அந்த விலைக்கே பொருள் கேட்டிருக்கிறார். "லிங்க் வேறு யாருக்கும் தெரியாதே தம்பி" என்றார் நானா. "கதவு எங்கே இருக்கிறதென்று சொல்லாமல் விட்டால் அது பூட்டியதாகாது நானா" என்றேன்.

சப்டொமைன் என்றால் என்ன?

உங்கள் முகவரி 'உங்கள்கடை டொட் எல்கே' என்றால், அதன் முன்னே ஒரு சொல்லைச் சேர்த்து 'விலை டொட் உங்கள்கடை டொட் எல்கே' என்று அமைப்பதே சப்டொமைன். இதைத் தனியாகப் பதிவு செய்யவோ பதிவுக் கட்டணம் செலுத்தவோ தேவையில்லை. ஹோஸ்டிங் கணக்கில் இதற்கென ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் போடுபவை மட்டுமே அந்த முகவரியில் தெரியும்.

அமைக்கும் முறை

சீபேனல் உள்ள கணக்கில் 'டொமைன்ஸ்' பகுதிக்குச் சென்று, புதிய டொமைன் உருவாக்கும் பொத்தானை அழுத்தி, சப்டொமைனின் முழுப் பெயரையும் எழுதுங்கள். பிரதான தளத்தின் ஃபோல்டரையே பகிர்ந்து கொள்வதற்கான கட்டத்தில் சரி அடையாளம் இருந்தால் அதை அகற்றுங்கள். இல்லாவிடின் இரண்டு முகவரியிலும் ஒரே பக்கமே தோன்றும். பழைய பதிப்புகளில் இதற்கென 'சப்டொமைன்ஸ்' என்ற தனிப் பகுதி இருந்தது. உங்கள் டிஎன்எஸ் வேறோர் இடத்தில் நிர்வகிக்கப்பட்டால், அங்கும் ஒரு பதிவைச் சேர்க்க வேண்டும்.

இத்துடன் வேலை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். சப்டொமைனின் பெயர் இரகசியமானதல்ல. அதற்கு வழங்கப்படும் எஸ்எஸ்எல் சான்றிதழ்கள் பொதுப் பதிவேடுகளில் பதியப்படுகின்றன. 2018 ஏப்ரலுக்குப் பின் வழங்கப்படும் சான்றிதழ்களுக்குக் குரோம் பிரவுசர் இதைக் கட்டாயமாக்கியது. அப்பதிவேடுகளை எவரும் தேடிப் பார்க்கலாம். தேடுபொறிகளுக்கு 'இங்கே வராதே' என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பும் பூட்டல்ல. நீங்கள் மறைக்க விரும்பும் இடங்களை அதுவே எல்லோருக்கும் காட்டிக் கொடுக்கும்.

பூட்டுப் போடுதல்

சீபேனலில் 'டிரெக்டரி பிரைவசி' என்ற பகுதியைத் திறந்து, சப்டொமைனுக்குரிய ஃபோல்டரைத் தெரிவு செய்து, கடவுச்சொல் பாதுகாப்புக்கான கட்டத்தில் சரி அடையாளமிட்டுச் சேமியுங்கள். பின்னர் அதே பக்கத்தில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் உருவாக்குங்கள். பயனரை உருவாக்காவிட்டால் யாருமே உள்ளே வர முடியாது.

இங்கே மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, எல்லா முகவர்களுக்கும் ஒரே கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். ஆளுக்கொரு பயனர் பெயர் இருந்தால், ஒருவர் விலகும்போது அவரை மட்டும் நீக்கலாம். இரண்டாவது, எச்டிடிபிஎஸ் முகவரியையே பயன்படுத்துங்கள். இம்முறையில் கடவுச்சொல் குறியாக்கம் செய்யப்படாமலே அனுப்பப்படுவதால், எஸ்எஸ்எல் இல்லாவிடின் இடையில் இருப்பவர் அதை வாசித்துவிடலாம். மூன்றாவது, நீண்ட கடவுச்சொல்லை வையுங்கள். எத்தனை தடவை தவறாக முயன்றாலும் இந்தப் பூட்டு தானாகத் தடுப்பதில்லை. வெளியேறும் பொத்தானும் இதில் கிடையாது. எனவே கடையின் பொதுக் கணினியில் பார்த்தால் பிரவுசரை முழுமையாக மூடிவிட வேண்டும்.

சோதித்துப் பாருங்கள்

பூட்டிய பின் உங்கள் கைத்தொலைபேசியில் பிரவுசரின் தனிப்பட்ட ஜன்னலைத் திறந்து, விலைப்பட்டியல் கோப்பின் முழு லிங்கையும் இட்டுப் பாருங்கள். கடவுச்சொல் கேட்காமல் திறந்தால் பூட்டு வேலை செய்யவில்லை. அப்பாச்சி, லைட்ஸ்பீட் சேர்வர்களில் வேலை செய்யும் இம்முறை, என்ஜினெக்ஸ் மட்டும் இயங்கும் சேர்வரில் வேலை செய்யாது. அப்போது ஹோஸ்டிங் நிறுவனத்திடமே கேட்க வேண்டும். பட்டியலின் பழைய பிரதி பிரதான தளத்தில் எஞ்சியிருந்தால் அதையும் அழித்துவிடுங்கள். ஏற்கெனவே கூகுளில் தெரியும் பக்கத்தை, சேர்ச் கொன்சோல் மூலம் சுமார் 6 மாதங்களுக்குத் தற்காலிகமாக மறைக்கலாம்.

இந்தப் பூட்டு விலைப்பட்டியலுக்குப் போதுமானது. ஆனால் கடன் வாங்கியவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு விபரம் போன்றவற்றை இங்கே வைக்க வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமது நாட்டில் நிறைவேற்றப்பட்டிருப்பதை வியாபாரிகள் மனதில் கொள்வது நல்லது.

உள்ளே நுழைந்தவர் பட்டியலைப் பிரதியெடுத்துப் பிறருக்கு அனுப்புவதை எந்தக் கடவுச்சொல்லாலும் தடுக்க முடியாது. ஆகவே யாரிடம் சாவி கொடுக்கிறோம் என்பதைக் கடைச் சாவியைக் கொடுக்கும்போது யோசிப்பது போலவே யோசித்துக் கொடுங்கள்.