செப்டிக் டேங்க் மக்கர் செய்தால்…

"சுத்தம் சோறு போடும்" என்பது பழமொழி. வாசல் தெளித்துக் கோலமிடுகிறோம். பாத்திரங்களைப் பளபளவென்று துலக்குகிறோம். ஆனால், கொல்லையில் ஒரு மூடிக்குக் கீழே இரவும் பகலும் நமக்காக உழைக்கும் செப்டிக் டேங்கை நாம் நினைப்பதே இல்லை. அது மக்கர் செய்கிற அன்றுதான் நினைக்கிறோம். சென்ற ஐப்பசி மழையில் எங்களுக்கும் அந்த நாள் வந்தது.

சேவூரில் நாங்கள் குடியிருப்பது லைன் வீடு. ஆறு குடித்தனங்கள், பெரும்பாலோர் பனியன் கம்பெனிக்கும் விசைத்தறிக்கும் போகிறவர்கள். எல்லோருக்குமாக இரண்டு கழிப்பறைகள், ஒரே தொட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு கழிப்பறைகளிலும் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் மேலே ஏறி வந்தது.

"மழையில டேங்க் நெறஞ்சு போச்சுங்க. ஒரு ஆளை எறக்கி அள்ளிப் போட்டாத் தீர்ந்துச்சு" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். வீட்டுக்காரர் அழைத்து வந்த கொத்தனார் தலையை ஆட்டினார். "ஆளை எறக்கற பேச்சே வேண்டாமுங்க. மொதல்ல எங்க கோளாறுன்னு பார்ப்போம்" என்றவர், எங்களைப் பார்த்து, "கண்ணு, தள்ளி நில்லு" என்றார். தள்ளி நின்று அன்று கண்டதையும், பிறகு கேட்டும் படித்தும் அறிந்ததையும் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறோம்.

தொட்டிக்குள் நடப்பது என்ன?

'செப்டிக்' என்பது அழுகுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த மூராஸ் என்பவர் இத்தகைய தொட்டிக்கு 1881-ல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் எக்சிட்டர் நகரில் 1895-ல் டொனால்டு கேமரன் அமைத்த தொட்டிக்கே 'செப்டிக் டேங்க்' என்ற பெயர் சூட்டப்பட்டது.

உள்ளே வரும் கழிவு மூன்று அடுக்காகப் பிரிகிறது. கனமானவை அடியில் வண்டலாகப் படிகின்றன. எண்ணெய்ப் பசையும் இலேசான பொருள்களும் மேலே ஏடாக மிதக்கின்றன. நடுவில் ஓரளவு தெளிந்த நீர் நிற்கிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் வண்டலைத் தின்று அதன் அளவைக் குறைக்கின்றன. ஒரு குடம் நீர் உள்ளே வந்தால், நடு அடுக்கிலிருந்து ஒரு குடம் நீர் மறுபக்கக் குழாய் வழியே உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணில் இறங்குகிறது.

ஆகவே, வெளியேறும் குழாயின் மட்டம் வரை தொட்டி நிறைந்திருப்பதே இயல்பு. நாம் கவனிக்க வேண்டியது நீர் நிறைவதை அன்று, வண்டல் நிறைவதை. வண்டல் மிகுந்தால் அது நீரோடு கலந்து போய் உறிஞ்சுகுழியின் மண் துளைகளை அடைத்துவிடும்.

கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு கழிப்பறையில் மட்டும் நீர் இறங்கவில்லை என்றால், அடைப்பு அந்தக் கோப்பையிலோ அதன் குழாயிலோ இருக்கும். எல்லாவற்றிலும் இறங்கவில்லை என்றால், தொட்டிக்கு முன்னுள்ள சேம்பரைத் திறந்து பார்க்க வேண்டும். சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுப் பக்கம். நீர் தேங்கி நின்றால் கோளாறு தொட்டிப் பக்கம்.

தொட்டியைக் காலி செய்த சில நாட்களிலேயே மீண்டும் நீர் எதிர்த்து வந்தால், பெரும்பாலும் உறிஞ்சுகுழி அடைபட்டிருக்கும். மழைக்காலத்தில் மட்டும் தொல்லை என்றால், மாடித் தண்ணீர் தொட்டிக்குள் விழுகிறதா, குழியைச் சுற்றி மழைநீர் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஈரத்தில் ஊறிய மண் மேலும் நீரை வாங்காது.

கழிப்பறைக்குள் நாற்றம் வந்தால் உடனே தொட்டியைக் குறை சொல்லக் கூடாது. கோப்பையின் அடி வளைவில் நிற்கும் சிறிது நீர்தான் தொட்டியின் காற்றைத் தடுத்து நிறுத்துகிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்தால் அது வற்றியிருக்கும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும். அப்படியும் நாற்றம் போகாவிட்டால், காற்றுக்குழாய் உடைந்தோ அடைபட்டோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாற்றத்தைப் போக்க ஆசிட்டை அள்ளி ஊற்றுவதோ பெருந்தவறு. நமக்காக வேலை செய்யும் நுண்ணுயிர்கள் அதனால் மடிந்துவிடும்.

கிணறு உள்ள வீட்டார் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர், அதாவது ஏறக்குறைய 60 அடி, இடைவெளி வேண்டும்.

அன்று கிடைத்த விடை

எங்கள் சேம்பரில் நீர் தேங்கி நின்றது. கொத்தனார் தொட்டி மூடியைத் திறந்து, வெகுநேரம் விலகி நின்று, பிறகு டார்ச் அடித்துப் பார்த்தார். நீர் இயல்பான மட்டத்திலேயே இருந்தது. ஆகவே அடைப்பு இரண்டுக்கும் நடுவில்தான்! கொக்கி வைத்த நீண்ட கம்பியை சேம்பரிலிருந்து செலுத்தி இழுத்தார். பனியன் வேஸ்ட் துணி பந்து பந்தாக வந்தது. அதனோடு சேர்ந்து வந்தவை சானிட்டரி நாப்கின்கள்.

மழையின் மேல் பழி போட்ட எல்லோரும் பேசாமல் நின்றோம். யார் வீட்டினது என்று அவர் கேட்கவில்லை. ஆனால் எங்களுக்குத் தெரியும். குப்பைக் கூடையில் போட வெட்கப்பட்டு, யாரும் பார்க்காத இடம் என்று நாங்கள் அதில் போட்டு வந்தோம். நாப்கின் நீரை உறிஞ்சிப் பருக்கும். அதன் பிளாஸ்டிக்கை எந்த நுண்ணுயிரும் தின்னாது. எங்கள் வெட்கத்தைக் கையால் அள்ள ஒரு மனிதரை அந்தத் தொட்டிக்குள் இறக்கப் பார்த்தோமே என்று எண்ணியபோது மனம் கூசியது.

ஆளை இறக்கினால்?

தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன், கரியமில வாயு ஆகியவை உண்டாகின்றன, உயிர்க்காற்று குறைந்துவிடுகிறது. ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல் நாறும். அளவு மிகுந்தால் மூக்கின் உணர்வையே மழுக்கிவிடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குபவர் நொடிகளில் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். 2025 மே மாதத்தில் நம் மாவட்டத்துக் கரைப்புதூரில், ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்யும் பணியில் மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

பாதுகாப்பு ஏற்பாடின்றி மனிதரைக் கொண்டு தொட்டியைச் சுத்தம் செய்விப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இத்தகைய சாவுகளுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. எவ்வளவு கொடுத்தாலும் போன உயிர் வருமா?

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கழிவு உறிஞ்சும் லாரியை வரவழைத்தால் ஆளை இறக்கும் தேவையே வராது. அந்த லாரி கழிவை எங்கே கொட்டுகிறது என்றும் கேட்க வேண்டும். பல்லாண்டுக் காத்திருப்புக்குப் பின் 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கி, நம் வட்டாரக் குளங்களுக்குத் தண்ணீர் வந்தது. அந்தக் குளத்துக்கோ ஓடைக்கோ நம் வீட்டுக் கழிவு போகலாமா? சுத்திகரிப்பு நிலையத்துக்கே போக வேண்டும்.

இப்போது எங்கள் லைன் வீட்டுக் கழிப்பறைகளில் மூடி போட்ட குப்பைக் கூடை இருக்கிறது. காகிதத்தில் சுற்றி அதில் போட யாரும் வெட்கப்படுவதில்லை. தொட்டி கடைசியாகக் காலி செய்யப்பட்ட தேதியைச் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறோம்.

தோழியரே, இன்று மாலை வீட்டுக்குப் போனதும் மூன்று கேள்விகள் கேளுங்கள். நம் தொட்டியைக் கடைசியாகக் காலி செய்தது எப்போது? அந்த லாரி எங்கே கொட்டியது? அதற்குள் போடக் கூடாத எதையாவது நாம் போடுகிறோமா? மூன்றாவது கேள்விக்கான பதிலை அம்மாவிடம் கேட்க வேண்டியதில்லை. அது நமக்கே தெரியும்.